அம்மாவும் இருபத்திரண்டு படிகளும்

பி.காம். படிக்கிற பையனுக்குக் கட்டடத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். ஒன்றும் தெரியாது. ஆனால் நாலு மாதமாக என் பையில் கால்குலேட்டர் பக்கத்தில் ஒரு இஞ்ச் டேப்பும் இருக்கிறது. அம்மாவின் டேப். மஞ்சள் கலர், அறுபது அங்குலம், இரண்டு முனையிலும் தகரம். எந்த ஆபீசுக்குப் போனாலும் வாசலில் குனிந்து படியின் உயரத்தை அளக்கிறேன். வகுப்பில் சிலர் "டெய்லர்" என்று கூப்பிடவே ஆரம்பித்துவிட்டார்கள். நன்றி மக்களே. இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஆளாளுக்குக் கேட்கிறீர்கள். தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

அம்மாவுக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளைவாதம் வந்தது. எழுபதுகளின் கடைசி, திண்டிவனம் பக்கத்தில் ஒரு கிராமம். சொட்டு மருந்து எல்லா ஊருக்கும் வந்து சேராத காலம். (இந்தியாவில் கடைசி போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில், மேற்கு வங்கத்தில். 2014 மார்ச்சில் உலக சுகாதார நிறுவனம் நம்மைப் போலியோ இல்லாத பகுதி என்று அறிவித்தும் விட்டது. நோய் போய்விட்டது. நோய் வந்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள் என்பதைத்தான் எல்லோரும் மறந்துவிட்டோம்.) இடது கால் முழுக்கப் போய்விட்டது, வலது கால் பாதி. காலிப்பர் போட்டு, ஒரு கட்டையை ஊன்றி நடந்தே பத்தாவது வரை படிச்சாங்க, தையல் கத்துக்கிட்டாங்க, கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க, என்னையும் வளர்த்தாங்க. மெஷினுக்கு மோட்டார் வைத்து வலது காலால் ஓட்டுவாங்க. எங்கள் தெருவில் பாதிப் பேரின் ஜாக்கெட் அம்மா தைத்ததுதான்.

இரண்டு வருடமாக நடக்க முடியவில்லை. போலியோ வந்தவர்களுக்கு முப்பது நாற்பது வருடம் கழித்து, அதுவரை இரண்டு மடங்கு வேலை பார்த்த தசைகளும் களைத்துப் போகலாமாம். தோள்பட்டை வேறு தேய்ந்துவிட்டது. "இனிமே படி ஏறவே கூடாது" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படித்தான் வீட்டுக்குள் ஒரு வீல்சேர் வந்தது.

இப்போது படிகளுக்கு வருகிறேன்.

போன வருடம் தாத்தா தவறிப்போனார். சென்னைப் புறநகரில் அவர் எப்போதோ வாங்கிப் போட்ட ஒரு மனை இருந்தது. பெரிய மாமா, சின்ன மாமா, அம்மா மூன்று பேருக்கும் பாகப்பிரிவினை செய்து பதிவு பண்ண வேண்டும். பங்குதாரர்கள் எல்லோரும் நேரில் போகணும், கைரேகை வைக்கணும், கேமரா முன்னால் உட்கார்ந்து போட்டோ எடுத்துக்கணும். பத்திர எழுத்தர் காலை பத்தரைக்கு டோக்கன் போட்டிருந்தார். எந்த ஊர் சார்பதிவாளர் அலுவலகம் என்று இங்கே சொல்லப் போவதில்லை. ஊர் பெயரை மாற்றினாலும் கதை மாறாது.

ஆட்டோவை விட்டு இறங்கிப் பார்த்தால் அலுவலகம் முதல் மாடியில். வாடகைக் கட்டடம். கீழே ஒரு ஜெராக்ஸ் கடை, அதற்குப் பக்கத்தில் அலுவலகத்தின் பழைய பத்திரக் கட்டுகளைப் பூட்டி வைத்திருக்கும் அறை. படிக்கட்டு இருபத்திரண்டு படி, நடுவில் ஒரு திருப்பம். லிஃப்ட் கிடையாது. பேப்பருக்குக் கால் இல்லை, அதற்குத் தரைத்தளம். மனுஷங்களுக்கு மாடி. இது எனக்கு அன்றைக்குத் தோன்றவில்லை. ஒரு மாதம் கழித்துத்தான் தோன்றியது.

அன்றைக்கு நான் செய்தது வேறு. ஜெராக்ஸ் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கேட்டு வாங்கினேன். அம்மாவை அதில் உட்கார வைத்து, ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் சின்ன மாமா, முன்னால் பத்திர எழுத்தரின் உதவியாள். அப்பாவுக்கு முதுகில் டிஸ்க் பிரச்சனை, அவர் கையில் அம்மாவின் கைப்பை. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தூக்கினோம். திருப்பத்தில் நாற்காலி சாய்ந்தது. அம்மா ஒரு கையால் என் சட்டைக் காலரையும் இன்னொரு கையால் புடவையையும் பிடித்துக்கொண்டாங்க. மேலே வரிசையில் நின்ற முப்பது நாற்பது பேர் வழி விட்டு ஒதுங்கிப் பார்த்தார்கள். யாரோ "பாவம்" என்றார்கள். ஒரு பெரியவர் என் முதுகில் தட்டி, "நல்ல புள்ள பெத்திருக்கேம்மா" என்று அம்மாவிடம் சொன்னார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது ரொம்பப் பெருமையாக இருந்தது. இறங்கும்போது இன்னும் கஷ்டம். ஏறும்போது நம் முதுகு வலிக்கும், இறங்கும்போது உட்கார்ந்திருப்பவருக்கு உயிர் போகும். அதையும் முடித்தோம். மாமா எல்லோருக்கும் பாதாம் பால் வாங்கிக் கொடுத்தார். அம்மா மட்டும் வேண்டாம்னு சொல்லிட்டாங்க.

ராத்திரி சாப்பிட்ட பிறகு, நான் தட்டைக் கழுவிக்கொண்டு இருக்கும்போது, அம்மா சொன்னாங்க.

"இனிமே என்னைத் தூக்காதடா."

"ஏம்மா, வலிச்சுதா?"

"வலியெல்லாம் இல்ல. சின்ன வயசுல இருந்து தூக்கிக்கிட்டுத்தான் இருக்காங்க. எங்கப்பா தூக்கினாரு, அண்ணன் தூக்கினான், ஸ்கூல்ல டீச்சர் தூக்கினாங்க. அப்போ நான் குழந்தை. இப்ப எனக்கு நாப்பத்தொன்பது வயசு. முன்னபின்ன தெரியாத ஆள் ஒருத்தன் வந்து பிடிக்கிறான். அவன் நல்லவன்தான். ஆனா அவன் நல்லவனா இருக்கணுமேன்னு நான் எதுக்குடா சாமியக் கும்பிடணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. குழாயை மூடவும் மறந்துவிட்டேன். அப்பாதான் வந்து மூடினார்.

அப்புறம் பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் சொன்னாங்க. வெளியே போகிற நாட்களில் அம்மா காலையில் காபி குடிக்க மாட்டாங்க, தண்ணியும் தொட மாட்டாங்க. எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். நான் அதை ஏதோ விரதம் என்று நினைத்திருந்தேன். கல்யாண வீடு, ஆஸ்பத்திரி, என் பள்ளிக்கூடத்துப் பெற்றோர் கூட்டம், எல்லா நாளும் விரதம். போகிற இடத்தில் அவங்களால் உபயோகிக்க முடிகிற பாத்ரூம் இருக்காது, அதனால்தான். பாதாம் பால் வேண்டாம் என்றதும் அதனால்தான். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன். நான் ஒரு முறையாவது கேட்டிருக்கலாம்.

ஒரு மாதம் கழித்து, பதிவான பத்திரத்தை வாங்க நான் மட்டும் அதே அலுவலகத்துக்குப் போனேன். கூட்டம் குறைவு. அங்கிருந்த ஒருவரிடம் மெதுவாகக் கேட்டேன். "சார், வீல்சேர்ல வர்றவங்களுக்கு ஏதாவது வழி பண்ணக்கூடாதா?" அவர் கோபப்படவில்லை. நல்ல மனுஷர்தான்.

"வாடகைக் கட்டடம் தம்பி. ஒரு ஆணி அடிக்கணும்னாலும் ஓனரைக் கேக்கணும். அதுவுமில்லாம இங்க வீல்சேர்ல யாரும் வர்றதே இல்லையே."

"நாங்க வந்தோமே சார், போன மாசம்."

"நீங்க தூக்கிக்கிட்டு இல்ல வந்தீங்க?"

நண்பர்களே, நான் வணிகவியல் மாணவன். கடையை மூடிவைத்துவிட்டு "வாடிக்கையாளரே வருவதில்லை" என்று ஒருவர் சொன்னால் முதல் வருடப் பையன்கூடச் சிரிப்பான். ஆனால் அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் சொன்னது ஒரு விதத்தில் சரி. அந்த அலுவலகத்தின் கணக்கில் எங்கள் அம்மா வரவே இல்லை. நான் தூக்கிக்கொண்டு போனதால் அங்கே ஒரு பிரச்சனை இருப்பதே பதிவாகவில்லை. என் தோள் அந்தப் படிக்கட்டுக்குத்தான் முட்டுக் கொடுத்திருக்கிறது. இந்த மாதிரி எத்தனை மகன்கள், எத்தனை மாமாக்கள், எத்தனை ஆட்டோக்காரர்கள் தினமும் தூக்கிக்கொண்டிருக்கிறார்களோ, அத்தனை கட்டடங்கள் நிம்மதியாக இருக்கின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் மாற்றுத்திறனாளிகள். அவர்கள் எல்லோரும் எங்கே என்று கேட்காதீர்கள். கீழே ஆட்டோவில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

அன்றைக்குத்தான் டேப் பைக்குள் வந்தது.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. சாய்தளம், அதாவது நாம் ராம்ப் என்று சொல்வது, எவ்வளவு சரிவாக இருக்கலாம் என்பதற்கு அரசாங்கமே ஒரு அளவு வைத்திருக்கிறது: 1:12. ஒரு அங்குலம் ஏற வேண்டுமென்றால் பன்னிரண்டு அங்குல நீளம் வேண்டும். மூன்று படி, ஒவ்வொன்றும் ஆறு அங்குலம் என்றால் மொத்தம் பதினெட்டு அங்குல உயரம். அதற்குப் பதினெட்டு அடி நீள ராம்ப். நான் முதலில் அளந்தது ஒரு அரசு அலுவலகத்து ராம்ப். மூன்று படி. ராம்பின் நீளத்துக்கு அம்மாவின் டேப்பை ஒரே ஒரு தடவை விரித்தால் போதுமாக இருந்தது. ஐந்து அடி! அதில் வீல்சேர் தானாக ஏறாது, யாராவது பின்னாலிருந்து தம் கட்டித் தள்ள வேண்டும். இறங்கினால் நேராக ரோட்டில் போகிற பஸ்ஸில்தான் போய் முட்டும். ஆனால் ஃபைலில் "சாய்தள வசதி: உள்ளது" என்று எழுதிவிடலாம்.

அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் பார்த்தேன். ஒரு தபால் அலுவலகத்தில் ராம்ப் நல்ல அகலம், சரியான சரிவு, கைப்பிடி எல்லாம் இருந்தது. அதன் மேல் வரிசையாக ஏழு பைக். ஒரு வங்கிக் கிளையில் ராம்ப் பிரமாதம். ஏறி முடித்தால் வாசலில் இழுக்கும் இரும்புக் கதவு, ஒரு ஆள் பக்கவாட்டில் நுழைகிற அளவுக்கு மட்டும் திறந்து சங்கிலி போட்டிருக்கிறார்கள். திருடனுக்காகவாம். திருடன் ஒல்லியாக இருந்தால்? ஒரு பெரிய கட்டடத்தில் லிஃப்ட் இருக்கிறது, லிஃப்ட்டுக்குப் போக ஐந்து படி ஏறணும். இதை வரைந்த எஞ்சினியர் யாரென்று தெரிந்தால் ஒரு தடவை கையைப் பிடித்துக் குலுக்கணும்.

ஆஸ்பத்திரிகளில் மட்டும் அனேகமாக ராம்ப் சரியாக இருக்கிறது. ஸ்ட்ரெச்சர் வந்தே ஆகும் என்று தெரியும், அதனால் கட்டும்போதே யோசித்திருக்கிறார்கள். பெரிய ஷாப்பிங் மால்களிலும் சரியாக இருக்கிறது, அங்கே டிராலி போகணும். ஆக, எப்படிக் கட்டுவது என்று தெரியாமல் இல்லை.

என் பெஞ்சில் உட்காரும் நண்பன் ஒருவனுக்குப் பார்வை கிடையாது. நான் ராம்ப் ராம்ப் என்று புலம்புவதைக் கேட்டுவிட்டு ஒரு நாள், "உங்க அம்மாவுக்கு லிஃப்ட் இருந்தா போதும்டா, எனக்கு அந்த லிஃப்ட் பேசணும்" என்றான். குரல் அறிவிப்பு இல்லாத லிஃப்டில் கதவு எத்தனை தடவை திறக்கிறது என்று எண்ணிக்கொண்டே போவானாம். நடுவில் யாராவது போன் பேசினால் கணக்கு தப்பிவிடும், வேறு மாடியில் இறங்கி, தெரியாத ஒருவர் அறைக்குள் போய் "குட்மார்னிங் சார்" சொல்வானாம். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். தரையில் அவனைப் போன்றவர்களுக்காகப் பதிக்கிற புள்ளி வைத்த மஞ்சள் ஓடுகள் ஒரு அலுவலகத்தில் நேராக ஒரு பூந்தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனதாம். அதற்கும் சிரித்தான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, தாராளமாக இருக்கிறது. 1995லேயே ஒரு சட்டம் வந்தது. அதற்குப் பதிலாக 2016ல் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம். அதன் 44வது பிரிவுப்படி, அணுகல் விதிகளைப் பின்பற்றாத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது. 45வது பிரிவு ஏற்கெனவே நிற்கிற பொதுக் கட்டடங்களுக்கு. விதிகள் வெளியான நாளிலிருந்து ஐந்து வருடத்துக்குள் எல்லாவற்றையும் சரிசெய்ய வேண்டும் (மத்திய அரசு நினைத்தால் கொஞ்சம் நீட்டிக்கலாம்). விதிகள் வெளியானது 2017 ஜூன். ஐந்தைக் கூட்டிக்கொள்ளுங்கள். நான் பார்த்த கட்டடங்களுக்கு 2022 ஜூன் வந்து போன விஷயமே தெரியவில்லை.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்ப ஆச்சரியமாக இருந்தது. ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்றவர் 2005ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்குப் போட்டார். கட்டடங்களும் போக்குவரத்தும் எங்களுக்கும் பயன்படுகிற மாதிரி இருக்கணும் என்று. நான் பிறந்த வருடம் அது. 2017ல் ஒரு தீர்ப்பு வந்தது. நடக்கவில்லை. மறுபடி 2024 நவம்பரில் ஒரு தீர்ப்பு. அதில் நீதிபதிகள் கண்டுபிடித்துச் சொன்னதுதான் முக்கியம். சட்டம் "கட்டாயம்" என்கிறது. ஆனால் அதன் கீழ் எழுதிய 15வது விதி காட்டுகிற அளவுகள் எல்லாம் "இப்படிச் செய்தால் நல்லது" என்கிற ரகம். சட்டத்துக்கு முரணாக இருப்பதால் அந்த விதி செல்லாது, மூன்று மாதத்துக்குள் கட்டாயமான குறைந்தபட்ச விதிகளைத் தனியாக எழுதுங்கள் என்று உத்தரவு போட்டார்கள். "ஜி.எஸ்.டி. கட்டினால் நல்லது" என்று விதி எழுதினால் நம் ஊரில் எத்தனை பேர் கட்டுவார்கள்? அந்த மாதிரிதான் ராம்ப் கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

தேடிக்கொண்டே போனபோது ஒன்று கிடைத்தது, தலையில் அடித்துக்கொண்டேன். 1908ம் வருடத்துப் பதிவுச் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். அதில் 31, 38 பிரிவுகளைப் படித்துப் பாருங்கள். உடல்நிலை காரணமாக அலுவலகத்துக்கு வருவது கஷ்டம் என்றால் அந்த நபர் வர வேண்டியதில்லை. அதிகாரியே வீட்டுக்கு வந்து பதிவு செய்யலாம். நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிற வசதி. பத்திர எழுத்தரும் சொல்லவில்லை, அலுவலகத்தில் எங்கேயும் எழுதி ஒட்டவும் இல்லை. எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். சந்தோஷப்படுவாங்க என்று நினைத்தேன். ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாங்க. கேட்டு முடித்துவிட்டு, "நல்ல சட்டம்தான். படுத்த படுக்கையா இருக்கறவங்களுக்கு ரொம்ப உபயோகம். ஆனா நான் படுக்கையில இல்லையேடா. எல்லாரும் எங்கிட்ட வந்துட்டா, நான் எப்பதான் வெளிய போறது?" என்றாங்க.

இதை முதலில் வீம்பு என்றுதான் நினைத்தேன். அப்புறம் 2024 தேர்தல் ஞாபகம் வந்தது. அந்த நாடாளுமன்றத் தேர்தலில் நாற்பது சதவீதத்துக்கு மேல் ஊனம் உள்ளவர்கள் வீட்டிலிருந்தே ஓட்டுப் போடலாம் என்று வசதி கொடுத்தார்கள். படிவம் 12டி. நானே எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன். அம்மா கையெழுத்துப் போடவில்லை. ஏப்ரல் 19, உச்சி வெயில், பக்கத்துத் தெருப் பள்ளிக்கூடம். அங்கே ராம்ப் இருந்தது. ஓட்டுச்சாவடி என்பதால் அதை மட்டும் ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். அம்மா சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு உள்ளே போய் ஓட்டுப் போட்டுவிட்டு, விரலில் மையோடு வெளியே வந்து, வாசலில் ஒரு வாடிக்கையாளரிடம் அரை மணி நேரம் கைவைத்த ஜாக்கெட் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாங்க. எனக்கு வெயிலில் தலை சுற்றியது. அவங்களுக்கு அது திருவிழா.

எல்லாமே மோசம் என்று சொல்லிவிட்டால் அது பொய்க் கணக்கு. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். 2010ல் திறந்தது. ஒன்பது தளம், தரைத்தளத்திலேயே பிரெய்ல் பிரிவு. யாரையும் தூக்கச் சொல்லாமல் உள்ளே போனோம், லிஃப்டில் ஏறினோம். தமிழ்ப் புத்தகங்கள் இருக்கிற தளத்தில் அம்மா தனியாக அலமாரி அலமாரியாக உருட்டிக்கொண்டு போவதை நான் தூரத்திலிருந்து பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மணி நேரம் என்னைக் கூப்பிடவே இல்லை. மெட்ரோவும் அப்படித்தான். 2015ல் ஓட ஆரம்பித்தது. ரோட்டிலிருந்து லிஃப்ட், டிக்கெட் எடுக்கிற இடத்திலிருந்து பிளாட்பாரத்துக்கு லிஃப்ட், வீல்சேர் போகிற அகலத்தில் ஒரு கேட். ரயிலுக்குள் போய்விட்டால் ராஜ மரியாதை. ஆனால் எங்கள் வீட்டிலிருந்து ஸ்டேஷன் வரை நடைபாதையில் போக முடியாது. வண்டிகள் ஏறக்கூடாது என்று நெருக்கமாகக் கல் தூண் நட்டிருக்கிறார்கள், பைக்காரன் எப்படியோ ஏறிவிடுகிறான், வீல்சேர்தான் சிக்கிக்கொள்கிறது.

மெரினாவையும் சொல்ல வேண்டும், கட்டடம் இல்லை என்றாலும். விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே மணலில் மரப்பலகைப் பாதை போட்டு 2022 நவம்பர் 27ல் திறந்தார்கள். 263 மீட்டர். இரண்டே வாரத்தில் மாண்டஸ் புயல் வந்து அதில் ஒரு பகுதியைப் பெயர்த்துப் போட்டது. பிறகு சரிசெய்தார்கள். அம்மா கல்யாணமாகி சென்னைக்கு வந்து இருபத்தி மூன்று வருடம். அந்தப் பாதையின் கடைசியில் நின்றுதான் முதன்முறையாக அலையை அவ்வளவு பக்கத்தில் பார்த்தாங்க. "சத்தம் இவ்ளோ பெருசா இருக்குமா?" என்று கேட்டாங்க. அவ்வளவு நாளும் அவங்க கடற்கரைக்கு வந்தால் ரோட்டோரம் உட்கார்ந்து எங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொள்வாங்க.

சரி, கடைசியாக என் சொந்தப் பஞ்சாயத்து.

கல்லூரி ஆண்டு விழா வருகிறது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் முதல் மார்க்குக்கு எனக்கு ஒரு பரிசு. (பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான்.) வீட்டில் சொன்னதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எத்தனை படி?" நாலு படி. "அப்பாவைக் கூட்டிக்கிட்டுப் போ. போன்ல வீடியோ எடுத்துக் காட்டு." அவ்வளவுதான், மெஷினை ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க.

பிரின்சிபாலைப் போய்ப் பார்த்தேன். அவர் உடனே, "அதுக்கென்னப்பா, என்.எஸ்.எஸ். பசங்க நாலு பேரை வாசல்ல நிறுத்திடறேன், பூ மாதிரி தூக்கிட்டுப் போயிடுவாங்க" என்றார். மனசார நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். நாலு மாதத்துக்கு முன்னால் என்றால் நான் காலில் விழுந்து நன்றி சொல்லியிருப்பேன். "வேண்டாம் சார், தூக்கினா அம்மா வரமாட்டாங்க" என்றேன். அவருக்குப் புரியவில்லை. படிக்கட்டுக் கதை முழுவதையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்துவிட்டு, மேடை போடுகிற பந்தல்காரரின் நம்பரை எழுதிக் கொடுத்தார். "பலகை வாடகையைக் காலேஜ் பார்த்துக்கும். நீயே நின்னு போட்டுக்க."

பந்தல்காரர் வந்து பார்த்தார். "நாலு படிதானே தம்பி, எட்டடிப் பலகை போதும். ரெண்டு பேர் பின்னால தள்ளிட்டா ஏறிடும்." நான் டேப்பை எடுத்தேன். நாலு படி, இருபத்து நாலு அங்குலம், அப்படியென்றால் இருபத்து நாலு அடி. வராந்தா ஓரமாக அம்மாவின் டேப்பை ஐந்து தடவை விரித்துக் காட்டினேன், ஓர் அடி மிஞ்சியது. "இவ்ளோ நீளமா? கல்யாண மாப்பிள்ளை ஊர்வலமா தம்பி?" என்று சிரித்தார். ஆனால் ஒத்துக்கொண்டார். நடுவில் ஒரு இடத்தில் சமதளம் விடணும், இரண்டு பக்கமும் சவுக்குக் கழியில் கைப்பிடி கட்டணும் என்பதற்கும் ஒத்துக்கொண்டார்.

தலைகால் புரியாத சந்தோஷத்தில் அம்மாவிடம் வந்து சொன்னேன். இருபத்து நாலு அடி, 1:12, யாரும் தள்ள வேண்டாம், நீயே வரலாம். அம்மா மெஷினை நிறுத்தினாங்க. ரொம்ப நேரம் எதுவும் சொல்லவில்லை. அப்புறம், "என்ன புடவை கட்டிக்கிறது" என்று யோசிச்சாங்க. அப்புறம் கேட்டாங்க.

"விழா எத்தனை மணி நேரம்டா?"

"நாலு மணி நேரம் இருக்கும்மா."

"பாத்ரூம்?"

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். மறுநாள் காலையில் முதல் வேலையாகக் கல்லூரியில் போய்ப் பார்த்தேன். ஹாலுக்குப் பின்னால் ஒரு கதவு, அதன் மேல் வீல்சேர் படம். தொள்ளாயிரம் மில்லிமீட்டர் அகலக் கதவு, வெளிப்பக்கம் திறக்கிற மாதிரிதான் வைத்திருக்கிறார்கள், எல்லாம் முறைப்படி. மூன்று வருடமாக அந்த வழியாகத்தான் கேன்டீனுக்குப் போகிறேன், ஒரு நாளும் அதைப் பார்த்ததாக ஞாபகமில்லை. பூட்டியிருந்தது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். உள்ளே கூரை வரைக்கும் பழைய விடைத்தாள் கட்டுகள்.

சாவி அலுவலக உதவியாளர் ஒருவரிடம் இருக்கிறதாம். ஊருக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமை வருவாராம். விழா புதன்கிழமை. கட்டுகளை எடுத்து வைக்க ஆள் வேண்டும், நம் வகுப்பில் செவ்வாய்க்கிழமை கடைசி இரண்டு பீரியட் ஃப்ரீயாக இருக்கிறவர்கள் எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.